கைப்பெட்டி மூச்சு விட்ட தவக்காலம்

கஸ்பார் இந்தக் கதையைப் பல வருஷங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று வாய்திறந்து சொன்னதுமில்லை. கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஐம்பதைத் தாண்டி ஊரோடு வந்து உட்கார்ந்தவன் அவன். கிளிஞ்சல்துறையில் அது நடந்த வருஷம் அவன் ஏதோ ஒரு நடுக்கடலில் இருந்தான். அவனைத் தவிர ஊரில் எல்லோரும் பார்த்திருந்தார்கள், அவன் பெண்டாட்டி வியாகுலத்துக்குத்தான் அது நடந்தது, அவன் ஒருத்தன்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவனாக இருந்தான். ஊரை விட்டுப் போனவனிடம் ஊர் எதையும் சொல்லும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்துப் பார்த்தான். மாடு மூச்சு விடுவது போல என்றார் ஒருவர், பால்குடி மறந்த பிள்ளை போல என்றார் இன்னொருவர், மழைக்கு முந்திய தவளை போல என்றாள் ஒருத்தி. பொய் என்றால் எல்லோரும் ஒன்றுபோலல்லவா சொல்லியிருப்பார்கள் என்று ஒரு நாள் நினைப்பான். நிஜம் என்றால் ஒன்றுபோல இருந்திருக்க வேண்டாமா என்று மறுநாள் நினைப்பான்.

அவனுக்குச் சொல்லப்பட்ட கதை இதுதான்.

கிளிஞ்சல்துறை சூசையப்பர் கோவிலுக்கு ஒரு கன்செர்ட்டினா உண்டு, வாசிக்கிறவர் வீட்டில்தான் இருக்கும். ஆறு பக்கம் கொண்ட இரண்டு மரப்பலகைகள், நடுவில் மடிப்பு மடிப்பாய்த் தோல் துருத்தி, பலகைகளில் எலும்புப் பொத்தான்கள், கை நுழைக்க இரண்டு தோல் வார்கள். இழுத்தால் ஒரு சத்தம், அமுக்கினால் ஒரு சத்தம். ஊர் அதற்குக் கைப்பெட்டி என்று பேர் வைத்திருந்தது. அதைக் கொண்டுவந்த வெள்ளைக்காரச் சாமியார் பனைமரத்துக்குப் பாதி உயரம் இருந்தாராம். வாசிக்கும்போது பிள்ளைகள் பொத்தானைத் தொட எம்பி எம்பிக் குதித்ததால், பாவம் மனுஷன், பெட்டியைத் தாடைக்கு நேரே தூக்கிப் பிடித்து வாசித்திருக்கிறார். அவர் போன பிறகு ஊருக்கு அது மட்டும்தான் நினைவிருந்தது. கைப்பெட்டி என்றால் தாடைக்கு நேரே பிடிக்க வேண்டியது, சிலுவையைத் தாழ்த்திப் பிடிப்பதுண்டா, அதுபோல. கீழே விழுந்துவிடாமல் இருக்க வாரோடு மணிக்கட்டை வலைநூலால் இறுகக் கட்டிக்கொள்ள வேண்டியது. பத்தாம் திருவிழா அன்று, அதாவது திருவிழாவின் கடைசி நாள், காலையில் சூசையப்பர் சப்பரம் புறப்படும்போது, சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்பதால், சப்பரத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே கோவிலிலிருந்து கடற்கரை வரை, கடற்கரையிலிருந்து கோவில் வரை வாசிக்க வேண்டியது. கை வலிக்கும். வலிக்கத்தானே வேண்டும்? முழங்காலில் நடக்கிறவனுக்கு முழங்கால் வலி, மண்ணில் உருண்டு கும்பிடுகிறவனுக்கு உடம்பு வலி, வாசிக்கிறவனுக்குக் கைவலி. வலியில்லாத நேர்ச்சை உப்பில்லாத கருவாடு என்று கோவில் கமிட்டித் தலைவர் சந்தியாகு சொல்லுவார், அவர் எந்த நேர்ச்சையும் செய்து ஒருவரும் பார்த்ததில்லை.

வியாகுலத்துக்கு முன்னால் வாசித்த தொம்மை இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவே டம்ளரை இடுக்கித்தான் காப்பி குடிப்பார். அவருக்கு முன்னால் வாசித்தவருக்குப் பிள்ளைகள்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவார்கள். இதெல்லாம் தெரிந்தேதான் வியாகுலம் வாரில் கை நுழைத்தாள். அவளுக்கு வலை முடைகிற வேலை; நாள் முழுக்க ஊசியும் நூலும். வீட்டுக்காரன் கப்பலில், குழந்தை குட்டி இல்லை. இழுத்தால் பாடுகிற, அமுக்கினால் பதில் பாடுகிற அந்தப் பெட்டி ஒன்றுதான் உலகத்தில் தனக்கென்று இருப்பதாக அவள் நினைத்தாள். ஆகவே அந்தத் தவக்காலத்தின் தொடக்கத்தில் வலதுகை விரல்கள் காலையில் மரத்துப்போய் எழுந்தபோது, வலை ஊசி தானாக நழுவிக் கீழே விழுந்தபோது, அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெட்டி போய்விடும். சந்தியாகு ஏற்கெனவே டவுனிலிருந்து பேண்ட் செட் கூப்பிடலாம் என்று பேச்சை ஆரம்பித்திருந்தார். சொல்லாவிட்டால் கை போய்விடும். கை போனால் வலையும் போய்விடும். எது முதலில் போகும் என்று பார்த்துக்கொண்டு அவள் பல்லைக் கடித்து வாசித்துப் பழகினாள், பழகப் பழக வாசிப்பு மோசமாகிக்கொண்டே வந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கையில், மேசைமேல் வார் அவிழ்த்து வைத்திருந்த கைப்பெட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. துருத்தி மெல்ல விரிந்தது, கொஞ்சம் நின்றது, மெல்ல அடங்கியது, கொஞ்சம் நின்றது. பாட்டுச் சத்தம் ஏதும் இல்லை, வெறும் காற்றுதான். வியாகுலம் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். மேசை விளிம்பில் இருந்ததால் விழுந்துவிடப் போகிறதே என்று நடுவுக்கு நகர்த்தி வைத்தாள். பிறகு போய்ச் சோற்றைப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுக் கிறிஸ்தம்மா தீப்பெட்டி கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மைனி, யாரு வந்திருக்கா வீட்டுக்குள்ள? மூச்சுச் சத்தம் கேக்கு?"

"யாரும் வரல. பெட்டிதான்."

கிறிஸ்தம்மா உள்ளே வந்து குனிந்து பார்த்தாள். "நெஞ்சுல சளி இல்ல. நல்லாத்தான் விடுது," என்றாள். "எதுக்கும் ஜன்னலைச் சாத்தும். உப்புக்காத்து ஆகாது."

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டது. கம்பவுண்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு மூச்சுப் பழுதில்லை, நாடிதான் பிடிபடவில்லை என்றார். பங்குச்சாமியார் ஹில்லாரி, தானே மூச்சிழுப்பு நோய்க்காரர், பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இவ்வளவு நிதானமாக மூச்சு விடுகிற ஒன்றைப் பொல்லாத காரியம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். மந்திரிக்க வேண்டுமென்று கொண்டுவந்த தீர்த்தத்தை, தோல் நனைந்தால் கெட்டுவிடும் என்று வியாகுலம் சொல்ல, தன் தலையிலேயே தெளித்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

ஊருக்கு வேறு கவலைகள் வந்தன. மூச்சு விடுகிற ஒன்றை ஆணியில் மாட்டலாமா? கூடாது என்று முடிவாகி நாற்காலி ஒன்று கொடுக்கப்பட்டது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒருசந்தி நோன்பு உண்டா? தின்பதே இல்லை என்பதால் அது எல்லா நாளும் நோன்புதான் என்று கிறிஸ்தம்மா தீர்த்து வைத்தாள், அதிலிருந்து ஊரில் பெட்டிக்கு மரியாதை கூடிப்போயிற்று. கொண்டல் காற்று வரும் முன்னால் பெட்டி வேகமாக மூச்சு விடுகிறது என்று கண்டுபிடித்தவர்கள் விடியும்போது கடலைப் பார்க்காமல் வியாகுலத்தின் ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கட்டுமரம் தள்ளினார்கள். தூங்காத பிள்ளைகளைக் கொண்டுவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டால் தூங்கின. பிள்ளைகளைப் போட வந்த தாய்மாரும் தூங்கினார்கள். தாய்மாரைத் தேடி வந்த ஆண்கள் கத்தலாம் என்று வாயைத் திறந்து, பெட்டியின் மூச்சைக் கேட்டு, வந்த காரியம் மறந்து சுவரில் சாய்ந்தார்கள். ஜெபமாலை சொல்லும்போது மங்கள வார்த்தை ஜெபத்தின் முன்பாதியைப் பெட்டி விரியும்போதும் பின்பாதியைப் பெட்டி அடங்கும்போதும் சொல்லப் பழகிக்கொண்டது ஊர். ஹில்லாரி சாமியின் இழுப்புகூட மட்டுப்பட்டது என்றார்கள், அவருடைய பிரசங்கம் அதனால் நீண்டுபோனதைத்தான் சிலர் குறையாகச் சொன்னார்கள்.

எல்லோருக்கும் நல்லதாகிவிட்டது, வியாகுலத்தைத் தவிர. ஏனென்றால் அந்தப் பெட்டியை இப்போது வாசிக்க முடியவில்லை.

வலைநூலால் மணிக்கட்டைக் கட்டிக்கொண்டு, தாடைக்கு நேரே தூக்கி, அவள் இழுக்கப் போனால் அது அடங்கிக்கொண்டிருக்கும். அமுக்கப் போனால் விரியும். இரண்டு பேர் ஒரு பாயை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததுபோல் பாட்டு கிழிந்தது. அவள் இன்னும் பலமாக இழுத்தாள். பெட்டிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை, தன்பாட்டுக்கு மூச்சு விட்டது. ஒத்திகை அன்று கோவில் கூடத்தில் அவள் கை மரத்துப்போய் நின்றபோது சந்தியாகு எழுந்தார்.

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், பேண்ட் செட்ட கூப்பிடுவோம்னு. இல்ல, பெட்டிதான் வேணும்னா அதுக்கு ஒரே வழி. கட்டிப் போடணும். நாம கட்டாத மரமா, கட்டாத தோணியா? திருவிழா வரைக்கும் கட்டிக் கிடந்தா தன்னால பழைய வழிக்கு வரும்."

"மூச்சு விடுற ஒண்ண எப்பிடித் தலைவரே கட்டுறது?" என்றாள் வியாகுலம்.

"நீயும்தான் மூச்சு விடுற. உன்னயக் கட்டலையா கஸ்பாரு?"

கூடம் சிரித்தது. சிரித்த சிரிப்போடு, தாம்புக்கயிற்றால் கைப்பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, வியாகுலத்தின் வீட்டு நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து ஊருக்குத் தூக்கம் இல்லை. பிள்ளைகள் அழுதன. பிள்ளைகள் அழுததால் தாய்மார் கத்தினார்கள், ஆண்கள் மறந்துபோயிருந்த காரியங்கள் எல்லாம் நினைவுக்கு வந்து சண்டையாயின. ஜெபமாலையில் பாதிப் பேர் முன்பாதியிலும் பாதிப் பேர் பின்பாதியிலும் நின்று முட்டிக்கொண்டார்கள். காற்று தெரியாமல் மரம் தள்ளினவர்கள் நனைந்து திரும்பினார்கள். சந்தியாகு மட்டும் எனக்கு ஒன்றும் இல்லை என்றார், கண் சிவந்து கோவைப்பழமாக இருந்தது.

வியாகுலத்தின் வீட்டில் கயிறு கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே இருப்பது விரியப் பார்க்கிறது, முடியவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வலை முடைந்தவள் தன் தோள்களும் காதுவரை ஏறிக்கொண்டு இறங்க மாட்டாமல் நிற்பதைக் கண்டாள். எத்தனை வருஷமாக அப்படி நிற்கின்றன என்று யோசித்தாள், தெரியவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு வலைக்கத்தியை எடுத்து வந்து கயிற்றை அறுத்தாள். கடைசி முடிச்சு விட்டதும் பெட்டி ஒரு நீண்ட மூச்சை இழுத்தது. அவளும் இழுத்தாள்.

அதைத் தூக்கிப் பிடிக்க அவளுக்குக் கையில் சக்தி இல்லை. மணிக்கட்டைக் கட்டிக்கொள்ள நூலெடுக்கவும் சோம்பலாக இருந்தது. மீன்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பெட்டியின் இடது பலகையை இடது தொடைமேல் வைத்தாள். பெட்டியின் பாரத்தைத் தொடை வாங்கிக்கொண்டது. வார்களை எவ்வளவு தளரும் என்று பார்த்துத் தளர்த்தி, உள்ளங்கைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கோழிமுட்டை உட்காரும்படி விட்டுக் கைகளை நுழைத்தாள். இழுக்கவில்லை. பெட்டி விரிந்தது, அவளுடைய வலது கை கூடவே போயிற்று. பெட்டி நின்றது, அவளும் நின்றாள். அடங்கியது, அவள் முழங்கை மடங்கிக் கூடவே வந்தது. இடது பக்கம் தொடையில் அசையாமல் இருக்க, வலது பக்கம் மட்டும் கதவு திறந்து மூடுவதுபோல் போய் வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே போய் வந்தபிறகு, ஒரு விரலைப் பொத்தான்மேல் வைத்தாள். குத்தவில்லை, அழுத்தவில்லை, எறும்பு நசுங்காதபடி வைத்தாள். பாட்டு வந்தது. அடுத்த விரல், அடுத்த விரல். முழுப்பாட்டும் வந்தது. முடிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: கை வலிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் கஸ்பார் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுவான். பெட்டி மூச்சு விட்டதைக்கூட அவனால் ஒத்துக்கொள்ள முடிந்தது, கடலில் அவன் பார்க்காத அதிசயமா. வலிக்காமல் வந்தது என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவன் சம்பாதித்தது எதுவும் அப்படி வந்ததில்லை. ஸ்பேனர் பிடித்துப் பிடித்து அவன் விரல்கள் தூக்கத்திலும் முஷ்டியாக மடங்கிக் கிடக்கும். விடிந்ததும் ஒவ்வொன்றாய் விரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். வலிக்காமல் ஒரு நல்லது வருமென்றால் இதெல்லாம் எதற்காக என்று கேட்க வேண்டிவரும். அந்தக் கேள்வியின் பக்கம் போக அவனுக்குப் பயமாக இருந்தது.

வியாகுலத்துக்கும் பயம் வந்தது, ஆனால் அது அரை நாள்தான் தாங்கியது. கிறிஸ்தம்மாவிடம் சொன்னாள், அதாவது ஊருக்கே சொன்னாள். உடனே கூடத்தில் கூட்டம்.

"உக்காந்து வாசிக்கியா? சாமி முன்னாலயா?" என்றார் சந்தியாகு.

"ஆமா."

"கை வலிக்கலையா?"

"இல்ல தலைவரே."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்ல. நான் என்ன செய்ய?"

"அப்போ நேர்ச்சை என்னாவுறது? வலிக்காம வாசிச்சா அது கச்சேரி!"

கூட்டம் முனகியது. பாதிப் பேருக்கு அவர் சொல்வது நியாயமாகவே பட்டது. தூக்கத்துக்காகப் பெட்டியை அவிழ்த்துவிடலாம், அது வேறு, சூசையப்பரை ஏமாற்றலாமா? அப்போது பின்னாலிருந்து தொம்மை, டம்ளரை மணிக்கட்டுகளில் இடுக்கியபடியே, பேசினார்.

"நான் வலிக்க வலிக்கத்தான் வாசிச்சேன். இன்னைக்கு ஒரு பாட்டுக்கூட ஞாபகத்துல இல்ல. வலி ஒண்ணுதான் ஞாபகமிருக்கு. கேட்டுக்கிட்டு வந்த சூசையப்பருக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும், பாவம்."

ஹில்லாரி சாமி இருமுவதுபோல் சிரித்தார்.

"சரி, அவ வாசிக்கட்டும்," என்றார் சந்தியாகு விடாமல். "ஆனா உக்காந்துக்கிட்டே சப்பரத்துக்கு முன்னால எப்பிடி நடப்பா? அதச் சொல்லுங்க பாப்போம்."

"உம்ம மீன் ஐஸ் வண்டில நாற்காலியப் போடும்," என்றாள் கிறிஸ்தம்மா. "அவ சாமியப் பாத்து உக்காந்துக்கிடுவா."

"அத யாரு இழுக்கிறது?"

"வலி வேணும்னு சொல்லுத ஆளுதான் இழுக்கணும்."

கூடம் அதிர்ந்தது. சிரிப்பு ஓய்ந்து பார்க்கும்போது எல்லோரும் சந்தியாகுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார். "நான் என்ன, மாட்டேன்னா சொன்னேன்," என்றார்.

பத்தாம் திருவிழா காலையில் சூசையப்பர் சப்பரம் புறப்பட்டது. அதற்கு முன்னால், மீன் ஐஸ் ஏற்றுகிற தள்ளுவண்டியில், சாமியைப் பார்த்தபடி நாற்காலியில் வியாகுலம். தொடையில் கைப்பெட்டி. தலைவரானாலும் சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்பதால், சந்தியாகுவும் பின்பக்கமாகவே நடந்து வண்டியை இழுத்தார், குழியில் இறங்கினார், ஆட்டுக்குட்டிமேல் இடித்தார், "இடது பக்கம் தலைவரே, இல்ல, உம்ம இடது" என்று ஊரே வழிகாட்டியது. வேகமாக ஓடிப் பழகின சப்பரம் தூக்கிகள் பெட்டியின் மூச்சுக்குக் கால் வைத்தார்கள். விரியும்போது ஒரு அடி, அடங்கும்போது ஒரு அடி. சப்பரம் அலைமேல் தோணிபோல வந்தது. கிழவர்கள்கூடப் பின்தங்கவில்லை. மண்ணில் உருண்டு கும்பிட வந்தவர்கள் எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, கேட்டுக்கொண்டே நடந்தார்கள். அடுத்த வருஷம் உருண்டுகொள்ளலாம் என்று நினைத்தார்களாம்.

கடற்கரையில் சப்பரம் திரும்புகிற இடத்தில் பெட்டியின் மூச்சு நின்றது. வியாகுலத்துக்கு மட்டும் தெரிந்தது. ஒரு கணம் துருத்தி வெறும் தோலாக அவள் கையில் இருந்தது. பிறகு அவளுடைய கை, அதுவரை கூடப் போய்க்கொண்டிருந்த கை, தானாக விரிந்து, நின்று, தானாக அடங்கியது. பாட்டு அறுபடவில்லை. தோள் காதுக்கு ஏறவில்லை. கோவில் வாசல் வரை அப்படியே வாசித்து வந்தாள். இறங்கும்போது அவள் கையைப் பிடித்துவிட வந்த கிறிஸ்தம்மாவைப் பார்த்து, "பிடிக்க வேண்டாம் மைனி, நல்லாத்தான் இருக்கு," என்று விரல்களை ஆட்டிக் காட்டினாள். சந்தியாகுவைத்தான் இரண்டு பேர் தாங்கிப் போய்த் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு திருப்தியை அதற்கு முன்னும் பின்னும் ஒருவரும் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கஸ்பார் ஊர் வந்தபோது கைப்பெட்டி நாற்காலியில் சும்மா இருந்தது. ஊர் அதன் எதிரே மெல்லப் பேசிப் போனது, தாய்மார் இன்னும் பிள்ளைகளைக் கொண்டுவந்து போட்டார்கள், வியாகுலம் சாயங்காலமானால் தொடைமேல் எடுத்து வைத்து வாசித்தாள். அவன் எல்லோரையும் கேட்டான். அவளை மட்டும் கேட்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டானே தவிர, நிஜமா என்று கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் இந்த வீட்டில் அந்தச் சாயங்காலங்கள் எங்கிருந்து வருகின்றன. ஆமாம் என்று சொல்லிவிட்டால், விரல்களை ஒவ்வொன்றாய் விரித்தெழுகிற தன்னுடைய காலைப்பொழுதுகளை என்ன செய்வது.

வருஷங்கள் போயின. அவன் கப்பலை விட்டு வந்தான். ஒரு நாள் மத்தியானம், வியாகுலம் வலைக்கூடத்துக்குப் போயிருந்தபோது, அவன் மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பெட்டியை எடுத்துத் தன் இடது தொடைமேல் வைத்தான். வார்களில் கைகளை நுழைத்தான். விரல்கள் பழக்கத்தில் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டன. பெட்டி அசையவில்லை. அவன் காத்திருந்தான். தன் தோள்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தான், காதுக்குப் பக்கத்தில் இருந்தன.

நிழல் விழுந்து நிமிர்ந்தபோது வியாகுலம் வாசலில் நின்றிருந்தாள். சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கவும் இல்லை. அவன் இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிடுவது என்று தொண்டையைச் செருமினான். அது நிஜமாகவே மூச்சு விட்டதா என்பதுதான் கேள்வி. ஆனால் வந்தது வேறு.

"ஏட்டி வியாகுலம், இந்த வாரை எவ்வளவு தளர்த்தணும்?"